கால் படாத மண்ணை ஆண்ட குரல்: பாடகி தெரசா டெங் வரலாறு

ஓசூருக்கு வடக்கே சிறிது தூரம் போனால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. தெற்கே திரும்பினால் சூளகிரி, குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரி. வழி நெடுகத் தொழிற்சாலைகள். லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று எத்தனையோ பொருள்கள் இந்த வட்டாரத்தில் உற்பத்தி ஆகின்றன.

குருபரப்பள்ளியில் உள்ள பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று, டெல்டா என்ற கம்பெனிக்குச் சொந்தமானது. அந்தக் கம்பெனியின் தாய்நாடு தைவான்.

தைவான் ஒரு தீவு. சீனாவின் தென்கிழக்குக் கரைக்கு எதிரே, கடலுக்குள் இருக்கிறது. பரப்பில் தமிழ்நாட்டில் கால் பங்குக்குச் சற்று அதிகம். பழைய தேசப்படங்களில் பார்மோசா என்று போட்டிருப்பார்கள்.

அந்தத் தீவில் நரைத்த தலைக்காரர் யாரிடமும் போய், உங்கள் மனதுக்குப் பிடித்த பாடகி யார் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பெயர்தான் பதிலாக வரும்.

தெரசா டெங்!

அவர் இறந்து 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அவருடைய பாட்டு இன்னும் ஓயவில்லை.

எல்லை இல்லாத பாட்டு

ஒரு பாடகியிடம் ஜனங்கள் சொந்தம் கொண்டாடுவது எப்படி என்பதை ஓசூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியது இல்லை.

ஓசூரில் ஒரு வீட்டில் தமிழ் பேசுவார்கள். அடுத்த வீட்டில் தெலுங்கு. அதற்கு அடுத்த வீட்டில் கன்னடம். 1956-ம் ஆண்டு மொழிவாரியாக ராஜ்யங்கள் பிரிந்தபோது, ஓசூர் சென்னை ராஜ்யத்தில் நின்றது. எல்லைக்கோடு போட்டார்கள். ஆனால் பாட்டுக்கு யாரும் கோடு போட முடியவில்லை.

காக்கிநாடாவில் பிறந்தவர் பி.பி.சீனிவாஸ். அவர் ஜெமினி கணேசனுக்காகத் தமிழில் பாடினார். ராஜ்குமாருக்காகக் கன்னடத்தில் பாடினார். தமிழ் வீட்டாரும் கன்னட வீட்டாரும் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே எண்ணினார்கள்.

தெரசா டெங்கிடமும் ஜனங்கள் அப்படித்தான் சொந்தம் கொண்டாடினார்கள். தைவான், சீனா, ஹாங்காங், ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா என்று பல நாடுகளில் அவரை வீட்டுப் பெண்ணாக நினைத்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம். ஓசூரில் இருப்பவர் அத்திப்பள்ளிக்கு நினைத்தபோது போய் வரலாம். தெரசா டெங்கின் பெற்றோர் பிறந்த மண் கடலுக்கு அப்பால் இருந்தது. அங்கே போக வழி இல்லை. பிற்காலத்தில் வழி பிறந்தது. அப்போது அவரே போக மறுத்துவிட்டார்!

அதற்குக் காரணம் என்ன?

சிப்பாயின் மகள்

1949-ம் ஆண்டு சீனாவில் உள்நாட்டுப் போர் முடிந்தது. மா சே துங்கின் கம்யூனிஸ்டு கட்சி நாட்டைக் கைப்பற்றியது. தோற்றுப்போன சியாங் கே ஷேக், தம் படைகளோடு தைவான் தீவுக்கு வந்து சேர்ந்தார். லட்சக்கணக்கான சிப்பாய்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கூடவே வந்தார்கள்.

சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தார்கள். திரும்பவே முடியாது என்று அவர்களுக்கு அப்போது தெரியாது. தாய், தந்தை, அண்ணன், தம்பி எல்லாரும் அக்கரையில். இவர்கள் இக்கரையில். கடிதம் கூடப் போட முடியாது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் டெங் ஷு. வடசீனாவில் ஹபெய் மாகாணத்தைச் சேர்ந்தவர். அவருடைய மனைவி சாவ் சு குய், ஷாண்டுங் மாகாணத்துப் பெண்.

தைவானில் யுன்லின் என்ற பகுதியில் ஒரு கிராமத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். 1953-ம் ஆண்டு ஜனவரி மாதம் 29-ந் தேதி அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏற்கனவே மூன்று ஆண் பிள்ளைகள். பிறகு ஒரு தம்பியும் பிறந்தான். ஐந்து பிள்ளைகளில் பெண் இவள் ஒருத்திதான்.

குழந்தைக்கு லீ யுன் என்று பெயர் வைத்தார்கள். சீனர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். ஆகவே முழுப்பெயர் டெங் லீ யுன்.

சிப்பாயின் சம்பளத்தில் ஏழு பேர் சாப்பிட வேண்டும். வீட்டில் வசதி கிடையாது. ஆனால் பாட்டுக்குக் குறைச்சல் இல்லை. தகப்பனாருக்கு சீன நாடகப் பாட்டு என்றால் உயிர். தாயாருக்கு சினிமா பார்ப்பதில் ஆசை. சிறுமி லீ யுன் இரண்டையும் கேட்டு வளர்ந்தாள்.

முதல் பரிசு

1963-ம் ஆண்டு ஒரு சினிமாப் படம் தைவானையே ஒரு கலக்குக் கலக்கியது. ஆண் வேடம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன யிங் டாய் என்ற பெண்ணின் கதை. கூடப் படித்தவன் மீது அவள் காதல் கொள்கிறாள். காதல் நிறைவேறவில்லை. காதலன் இறக்கிறான். அவனுடைய சமாதி பிளக்கிறது. காதலி உள்ளே பாய்கிறாள். இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்து போகிறார்கள்.

நம் நாட்டில் அம்பிகாபதி, அமராவதி கதை எப்படியோ, சீனர்களுக்கு அந்தக் கதை அப்படி. படம் முழுவதும் பாட்டு. தைவானில் பட்டிதொட்டி எல்லாம் அந்தப் பாட்டுகளை முணுமுணுத்தார்கள்.

ஒரு வானொலி நிலையம் பாட்டுப் போட்டி நடத்தியது. லீ யுன் போய் நின்றாள். அந்தப் படத்தில், காதலன் யிங் டாயைப் பார்க்க வரும் காட்சியின் பாட்டைப் பாடினாள். வயது பத்து அல்லது பதினொன்று இருக்கும். பெரியவர்களும் கலந்துகொண்ட போட்டியில் முதல் பரிசு அவளுக்குக் கிடைத்தது.

அதன் பிறகு மேடைகளில் பாட அழைப்பு வந்தது. தாயார் கூட்டிக்கொண்டு போவார். கையில் கிடைத்த பணம் வீட்டுச் செலவுக்கு உதவியது.

14 வயதில், பாட்டா, படிப்பா என்ற கேள்வி எழுந்தது. லீ யுன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். 1967-ம் ஆண்டு ஓர் இசைத்தட்டுக் கம்பெனி அவளை ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

பெயர் மாறியது

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது.

சீன மொழியில் எழுத்துகளுக்குப் பெரும்பாலும் தனித்தனிப் பொருள் உண்டு. லீ யுன் என்ற பெயரில் வரும் யுன் என்ற எழுத்து மூங்கிலைக் குறிக்கும். அது அபூர்வமான எழுத்து. பார்ப்பவர்கள் பலரும் அதை ஜுன் என்று தவறாகப் படித்தார்கள்.

எத்தனை பேரைத் திருத்த முடியும்? ஜுன் என்று படிக்கப்படும் வேறொரு எளிய எழுத்தையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டாள். டெங் லீ யுன், டெங் லீ ஜுன் ஆனாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு தெரசா டெங்.

பெற்றோர் வைத்த பெயர் மறைந்தது. ஜனங்கள் வாயில் வந்த பெயர் நிலைத்தது.

1969-ம் ஆண்டு தைவான் டெலிவிஷனில் முதல் தொடர் நாடகம் ஒளிபரப்பாகியது. சிங் சிங் என்ற பெண்ணின் கதை. போர்க்காலத்தில் பிரிந்துபோன தாயும் மகளும் ஒருவரை ஒருவர் தேடி அலைகிறார்கள். அந்த நாடகத்தின் தொடக்கப் பாட்டைப் பாடியவர் 16 வயது தெரசா.

உறவைப் பிரிந்து வந்தவர்கள் நிறைந்த தீவு அது. அந்தப் பாட்டு வீட்டுக்கு வீடு எவ்வளவு உருக்கி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

அதே ஆண்டு சிங்கப்பூரில் ஓர் அறக்கொடை நிகழ்ச்சி நடந்தது. ஜனாதிபதி யூசுப் இஷாக்கின் துணைவியார் நூர் ஆயிஷா அழைப்பு விடுத்தார். தெரசா போய்ப் பாடினார். வெளிநாட்டில் அவர் பாடிய முதல் மேடை அது. பிறகு ஹாங்காங், மலேசியா என்று பயணம் தொடர்ந்தது.

ஜப்பானில் சோதனை

1974-ம் ஆண்டு தெரசா ஜப்பானுக்குப் போனார். புதிய நாடு. தெரியாத மொழி. முதல் இசைத்தட்டு சரியாக விலை போகவில்லை. வேறு யாராவது என்றால் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி இருப்பார்கள்.

தெரசா திரும்பவில்லை. சில மாதங்களில் இரண்டாவது இசைத்தட்டு வந்தது. விமான நிலையத்தில் காதலனைப் பிரியும் பெண்ணின் சோகப் பாட்டு. அது பிரமாதமாக ஓடியது. அந்த ஆண்டின் சிறந்த புதுப் பாடகர்களுக்கான பரிசு வரிசையில் தெரசாவும் இடம் பெற்றார்.

1977-ல் நிலவை மனதுக்கு ஒப்பிடும் பாட்டு ஒன்றை அவர் பாடினார். அது அவருக்காக எழுதப்பட்டது அல்ல. 1973-லேயே வேறொரு பாடகி பாடி இருந்தார். ஆனால் தெரசா பாடிய பிறகு, அது தெரசாவின் பாட்டாகவே ஆகிவிட்டது. இன்றைக்கும் சீனர்கள் கூடும் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்கலாம்.

1979-ல் தேனைப் போன்ற இனிப்பைப் பற்றி ஒரு பாட்டு. அதன் மெட்டு சீன மெட்டு அல்ல. இந்தோனேசியாவில் படகு வலிப்பவர்கள் பாடும் நாட்டுப்பாடல் மெட்டு. சீனச் சொல் ஏறியதும், அது சீனர்களின் சொந்தப் பாட்டாகிவிட்டது.

பாஸ்போர்ட் விவகாரம்

புகழ் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் இடி விழுந்தது.

1972-ம் ஆண்டு ஜப்பான் அரசு சீனாவோடு நட்புக் கொண்டது. தைவானோடு இருந்த ராஜ்ய உறவை முறித்துக்கொண்டது. அதனால் தைவான் பாஸ்போர்ட்டோடு ஊர் ஊராகப் போவது பெரும் தொல்லை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அனுமதிக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

1979-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தெரசா ஜப்பானில் வந்து இறங்கினார். கையில் இருந்தது இந்தோனேசியா பாஸ்போர்ட்! முறையாகப் பெற்ற பாஸ்போர்ட் அல்ல அது என்று அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அவரைக் காவலில் வைத்தார்கள். பிறகு நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். ஓராண்டுக்கு ஜப்பானுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள்.

தைவானிலும் கோபம் கிளம்பியது. சிப்பாயின் மகள் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டில் போவதா என்று கேட்டார்கள். தெரசா அமெரிக்காவுக்குப் போய்விட்டார். லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் தங்கினார். சிறு வயதில் விட்ட படிப்பை மறுபடி தொடங்கினார்.

1980-ல் தாய்நாட்டுக்குத் திரும்பினார். வந்ததும் படைமுகாம்களுக்குப் போனார். சிப்பாய்களுக்காகப் பாடினார். அவர்களோடு உட்கார்ந்து பேசினார், சாப்பிட்டார். ஜனங்களின் கோபம் தணிந்தது. சிப்பாய்களின் காதலி என்ற பட்டப்பெயரும் கிடைத்தது.

பீரங்கிக்குப் பதில் பாட்டு

தைவான் அரசின் வசம் கின்மென் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அது தைவானுக்குப் பக்கத்தில் இல்லை. சீனக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதிரே சில கிலோமீட்டர் தூரத்தில் சீனாவின் சியாமென் நகரம்.

1958-ம் ஆண்டு அந்தத் தீவின் மீது சீனா பீரங்கிக் குண்டுமாரி பொழிந்தது. பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் குண்டு வீசும் வழக்கம், 1978-ம் ஆண்டு முடியும் வரை நீடித்தது.

இரு தரப்பும் ஒலிபெருக்கிப் போரும் நடத்தின. 1967-ல் கின்மென் கடற்கரையில் காங்கிரீட்டினால் ஒரு பெரிய சுவர் கட்டினார்கள். அதில் 48 ஒலிபெருக்கிகளைப் பதித்தார்கள். எல்லாம் சீனாவைப் பார்த்தபடி! அந்த ஒலிபெருக்கிகளில் பிரசாரம் நடக்கும். நடுநடுவே தெரசாவின் பாட்டும் முழங்கும்.

1981-ல் தெரசாவே கின்மெனுக்கு வந்து, சிப்பாய்கள் நடுவே பாடினார். டெலிவிஷனுக்காக அதைப் படம் பிடித்தார்கள்.

தகப்பனாரின் ஊர் அக்கரைக்கு அப்பால். மகள் நின்ற இடம் இக்கரை. நடுவே சிறிய கடல். ஆனால் அதைத் தாண்ட முடியாது.

அக்கரையில் நடந்தது

அக்கரையில் அந்தக் குரலை யார் கேட்டார்கள்?

1966-ம் ஆண்டில் இருந்து பத்து ஆண்டுகள் சீனாவில் கலாசாரப் புரட்சி நடந்தது. அந்தக் காலத்தில் தலைவரைப் பற்றியும் புரட்சியைப் பற்றியும்தான் பாடலாம். பாடுகிறவர்கள் கூட்டமாகப் பாடுவார்கள். உரத்த குரலில் பாடுவார்கள். காதல், நிலவு, பிரிவு என்று யாரும் வாய் திறக்கக்கூடாது.

1978-ம் ஆண்டின் முடிவில் சீனா கதவைச் சிறிது திறந்தது. ஹாங்காங் வழியாக டேப் ரிக்கார்டர்களும் கேசட்டுகளும் உள்ளே நுழைந்தன. அவற்றோடு தெரசாவின் குரலும் நுழைந்தது.

கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். அந்தக் குரல் கத்தவில்லை. உபதேசம் செய்யவில்லை. காதோடு காதாகப் பேசுவதுபோல் இருந்தது. ஊரைக் கூட்டிப் பாடும் பாட்டையே கேட்டவர்களுக்கு, தம் ஒருவருக்காகவே ஒருத்தி பாடுகிறாள் என்று தோன்றியது. ஒவ்வொருவரும் அவரைத் தம் சொந்தமாக எண்ணியதற்கு அதுதான் காரணம்.

ஒரு கேசட்டில் இருந்து இன்னொரு கேசட்டுக்குப் பதிவு செய்தார்கள். அதில் இருந்து மற்றொன்று. பத்தாவது பிரதியில் இரைச்சல்தான் பாதி இருக்கும். அதையும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள்.

அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. மனதைக் கெடுக்கும் பாட்டு என்று கண்டித்தார்கள். இப்படிப்பட்ட பாட்டுகளை அடையாளம் காண்பது எப்படி என்று 1982-ல் ஒரு புத்தகமே வெளிவந்தது! 1983-ல் கலாசாரச் சீர்கேட்டை ஒழிக்க ஓர் இயக்கம் நடந்தது. கேசட்டுகளைப் பறித்தார்கள். ஆனாலும் கேட்பது நிற்கவில்லை.

நம் நாட்டிலும் இதுபோல் ஒன்று நடந்தது உண்டு. 1952-ல் சினிமாப் பாட்டுக்கு அகில இந்திய வானொலி கதவைச் சாத்தியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். கடைசியில் 1957-ல் விவித பாரதி தொடங்கி, நம் வானொலியே சினிமாப் பாட்டை ஒலிபரப்ப வேண்டி வந்தது. பிடித்த பாட்டைத் தடுத்தால் ஜனங்கள் அதைத் தேடிப் போவார்கள்.

அப்போது சீனாவை ஆண்டவர் டெங் சியாவ் பிங். பாடகிக்கும் அதே குடும்பப் பெயர். ஆகவே பகலெல்லாம் பெரிய டெங்கின் பேச்சைக் கேட்கிறோம், இரவெல்லாம் சின்ன டெங்கின் பாட்டைக் கேட்கிறோம் என்று சீனர்கள் தங்களுக்குள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள்.

பழம் பாட்டும் புது மெட்டும்

1983-ம் ஆண்டு தெரசா ஒரு புதுமை செய்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனக் கவிகள் எழுதிய 12 பாட்டுகளை எடுத்தார். புது மெட்டுப் போடச் செய்து பாடினார். குறுந்தொகைப் பாட்டுகளுக்கு சினிமா இசையமைப்பாளர் மெட்டுப் போட்டால் எப்படி இருக்கும்? அதைப் போன்ற முயற்சி.

அந்தப் 12-ல் ஒன்று, சு ஷி என்ற கவிஞர் 1076-ம் ஆண்டு எழுதியது. தம்பியைப் பிரிந்து வாழ்ந்த அண்ணன், முழுநிலவைப் பார்த்துப் பாடியது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நாம் இருவரும் பார்ப்பது ஒரே நிலவைத்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளும் பாட்டு. இரு கரையிலும் பிரிந்து கிடந்த குடும்பங்கள் அதைத் தங்கள் கதையாகவே கேட்டன.

கல்வி அறிந்தவர்களும் அந்த இசைத்தட்டைப் பாராட்டினார்கள். சில்லறைப் பாட்டுப் பாடுகிறவர் என்ற பேச்சு அதோடு நின்றது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் பாடினார். ஜப்பானுக்கும் மறுபடி போனார். எந்த நாடு அவரை வெளியேற்றியதோ, அந்த நாடு இப்போது கைதட்டி வரவேற்றது. 1984, 1985, 1986 ஆகிய மூன்று ஆண்டுகளும், ஜப்பானியக் கம்பி வானொலியின் பெரும் பரிசைத் தொடர்ந்து பெற்றார்.

கைகூடாத கல்யாணம்

காதல் பாட்டுப் பாடிய தெரசாவுக்குக் கல்யாணம் கைகூடவில்லை.

மலேசியாவின் பெரும் பணக்காரக் குடும்பம் ஒன்றில் அவருக்கு நிச்சயம் ஆகி இருந்தது. ஆனால் 1982-ல் அந்தச் சம்பந்தம் முறிந்துவிட்டது. கல்யாணம் ஆனதும் பாடக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை போட்டதாக அந்நாளில் பத்திரிகைகள் எழுதின.

பாட்டுக்காகப் படிப்பை விட்டவர், கல்யாணத்தையும் விட்டார். இதைப்பற்றி அவர் ஊரறியப் புலம்பவில்லை.

போக மறுத்தது ஏன்?

ஆண்டுகள் ஓடின. சீனாவில் கெடுபிடி தளர்ந்தது. தெரசாவின் பாட்டுகளுக்கு இருந்த தடையும் நீங்கியது. 1987-ல் தைவான் அரசும், அக்கரையில் உள்ள உறவினர்களைப் பார்க்கப் போகலாம் என்று ஜனங்களுக்கு அனுமதி தந்தது. கிழவர்களாகிவிட்ட சிப்பாய்கள் 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பி, பெற்றோரின் சமாதியில் விழுந்து அழுதார்கள்.

தெரசா சீனாவில் பாடப்போகிறார் என்ற பேச்சு எழுந்தது. அவர் வந்தால் எந்த மைதானமும் போதாது என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் 1989-ம் ஆண்டு பிறந்தது. பெய்ஜிங் நகரில் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர்கள் கூடினார்கள். ஜனநாயகம் வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். அரசாங்கம் ராணுவச் சட்டம் பிறப்பித்தது.

மே மாதம் 27-ந் தேதி ஹாங்காங் குதிரைப் பந்தய மைதானத்தில், மாணவர்களுக்கு ஆதரவாக ஒரு பெரிய இசைவிழா நடந்தது. சுமார் 3 லட்சம் பேர் திரண்டார்கள். தெரசா வந்தார். பட்டாடை இல்லை; நகை இல்லை. தலையில் ஒரு துணிப்பட்டை. கழுத்தில் ராணுவ ஆட்சியை எதிர்க்கும் அட்டை. மலைக்கு அப்பால் தன் வீடு இருக்கிறது என்ற பொருளில் அமைந்த பழைய பாட்டு ஒன்றைப் பாடினார்.

எட்டே நாளில் பெய்ஜிங் வீதிகளில் டாங்கிகள் ஓடின. ஜூன் 4-ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஏராளமானோர் மாண்டார்கள்.

தெரசா நிலைகுலைந்து போனார். சீனாவில் பாடும் எண்ணத்தைக் கைவிட்டார். பாரிஸ் நகருக்குப் போய்த் தங்கினார். மேடை ஏறுவதைக் குறைத்துக்கொண்டார்.

கோடிக்கணக்கான ரசிகர்கள் காத்திருந்த மண். பெற்றோர் பிறந்த மண். ஒரு வார்த்தை சம்மதம் சொல்லி இருந்தால் ராஜமரியாதை கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. கடைசி வரை அந்த மண்ணில் கால் வைக்கவில்லை.

1991-ல் மறுபடியும் கின்மென் தீவுக்குப் போனார். ஒலிபெருக்கி நிலையத்தில் மைக் முன் நின்று, அக்கரை மக்களோடு நேருக்கு நேர் பேசினார். தமக்கு உள்ள சுதந்திரம் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சொந்த ஊருக்கு அவர் நெருங்கிப் போனது அவ்வளவு தூரம்தான்.

42 வயதில் மரணம்

தெரசாவுக்கு ஆஸ்துமா என்னும் இரைப்பு நோய் இருந்தது. மூச்சை நம்பி வாழும் பாடகிக்கு மூச்சே பகையாகிவிட்டது.

தாய்லாந்து நாட்டில் சியாங் மாய் என்ற மலைநகரம் இருக்கிறது. தெரசா அங்கே போய் ஒரு ஓட்டலில் தங்குவது வழக்கம். 1995-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி, ஓட்டலில் இருந்தபோது மூச்சுத் திணறல் கடுமையாக ஏற்பட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிரைக் காப்பாற்ற முடியவில்லை.

அவருக்கு வயது 42.

செய்தி பரவியதும் ஆசியாவே அழுதது. எத்தனையோ வதந்திகளும் கிளம்பின. ஆஸ்துமாதான் மரணத்துக்குக் காரணம் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

மே 28-ந் தேதி தைவான் தலைநகர் தைப்பேயில் இறுதிச் சடங்கு நடந்தது. சவப்பெட்டி மீது தேசியக் கொடி போர்த்தினார்கள். ஜனாதிபதி லீ டெங் ஹூய் வந்து அஞ்சலி செலுத்தினார். பாஸ்போர்ட் விவகாரத்தில் ஏச்சு வாங்கிய பெண்ணுக்கு, நாட்டின் கொடியே போர்வை ஆயிற்று.

அதே ஆண்டு, பெய்ஜிங்கில் பிறந்த பிரபல பாடகி பாய் வாங், தெரசாவின் பாட்டுகளை மட்டும் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். மறு ஆண்டு ஹாங்காங்கில் ஒரு சினிமா வந்தது. சீனாவில் இருந்து ஹாங்காங்குக்குப் பிழைக்க வந்த ஓர் ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதை. தெரசாவின் கேசட்டுகளை விற்றுப் பிழைக்கப் பார்க்கிறார்கள். பிரிகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, தெரசா இறந்த செய்தி ஓடும் டெலிவிஷன் பெட்டி முன்னால் இருவரும் மறுபடி சந்திக்கிறார்கள். படத்தின் பெயரே தெரசாவின் பாட்டுத்தான். படகு மெட்டில் அமைந்த அந்தத் தேன் பாட்டு!

சமாதியில் திரும்பிய பெயர்

தைவானின் வடகடற்கரையில் சின்ஷான் என்ற ஊரில், மலைச்சரிவில் தெரசாவின் சமாதி இருக்கிறது. எதிரே கடல். அங்கே எப்போதும் அவருடைய பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். தரையில் ஒரு பெரிய பியானோ கட்டைகள் பதித்திருக்கிறார்கள். வருகிறவர்கள் அதன் மீது கால் வைத்தால் இசை எழும்.

2008-ல் சீனர்கள் கூட்டம் கூட்டமாகத் தைவானுக்குச் சுற்றுலா வர அனுமதி கிடைத்தது. அவர்களில் பலர் அந்தச் சமாதிக்கு வந்து பூ வைத்தார்கள். வாலிப வயதில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட குரலுக்கு, வயதான காலத்தில் நேரில் வந்து நன்றி சொன்னார்கள். அவர் போகாத மண்ணில் இருந்து, அவரைத் தேடி ஜனங்கள் வந்தார்கள்.

கின்மென் தீவில் அந்த ஒலிபெருக்கிச் சுவர் இன்றும் நிற்கிறது. பிரசாரம் நின்றுவிட்டது. இப்போது அது சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடம். தெரசாவின் பாட்டு மட்டும் அங்கே கேட்கிறது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலகம் அவரை லீ ஜுன் என்றும் தெரசா என்றும் அழைத்தது. சமாதி இருக்கும் தோட்டத்துக்கு வைத்த பெயர் அது அல்ல. யுன் தோட்டம் என்று வைத்திருக்கிறார்கள். பலரும் தவறாகப் படித்த அந்த மூங்கில் எழுத்துத்தான் அங்கே கல்லில் இருக்கிறது.

ஊருக்கெல்லாம் சொந்தமாக இருந்த பாடகி, கடைசியில் சிப்பாய் வீட்டு லீ யுன்னாக அங்கே உறங்குகிறார்.